கவுன்சில்ல ‘ஆல் பாஸ்’ ஆயிட்டு, வாறுகால எங்க காணும்?

நகராட்சிக் கூட்டத்துல ஒரு வேல பாஸ் ஆயிட்டுன்னா மறுநாளே ஜேசிபி வந்து தெருவுல நிக்கும்னு நெறைய பேரு நெனைக்காங்க. வராது. பாஸ் ஆகுறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் இருக்கு, பாஸ் ஆன பிறகு அதவிட ஜாஸ்தி தூரம் இருக்கு, இது தெரியாததுனாலதான் கவுன்சிலர் வீட்டு வாசல்ல போயி “பாஸ் ஆயிட்டுன்னு சொன்னியளே அண்ணாச்சி, எங்க வாறுகால்?”னு (தெருவோரம் கழிவுத்தண்ணி ஓடுற வடிகாலத்தான் நாங்க வாறுகால்னு சொல்லுவோம்) சண்ட போடுதோம், அவரும் “ஃபைலு மேல இருக்குல்லா”ன்னு ஒரு பதிலச் சொல்லி அனுப்பிருதாரு. அந்த ஃபைலு எங்கெங்க போகுது, எந்த எடத்துல படுத்துக்கிடும், நம்ம எதக் கேட்டா ஒழுங்கா பதில் வரும்னு இதப்பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லிப் பாக்கேன்.

மொதல்ல நம்ம ஊரு எதுல வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாத்தையும் சேத்து 1994ல மாநகராட்சி ஆக்குனாங்க, இப்ப 55 வார்டு, நாலு மண்டலம். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு இதெல்லாம் நகராட்சி, அந்தப் பக்கம் தென்காசி மாவட்டத்துல கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், செங்கோட்டைன்னு இருக்கு. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, பத்தமடை, வீரவநல்லூர், முக்கூடல், ஏர்வாடி பேரூராட்சி. மாநகராட்சில மேயரும் கமிஷனரும், நகராட்சில சேர்மனும் கமிஷனரும், பேரூராட்சில தலைவரும் ஈ.ஓ.ன்னு சொல்லுற செயல் அலுவலரும். சேர்மன் நம்ம ஓட்டுப்போட்ட கவுன்சிலர்கள் சேந்து தேர்ந்தெடுத்தவரு, கமிஷனரு கவர்மென்ட் ஆபீசரு, அவருக்குக் கூட்டத்துல ஓட்டு கிடையாது ஆனா ஃபைலு அவரு கையெழுத்து இல்லாம நகராது. சட்டம் மூணுக்கும் இப்ப ஒண்ணுதான், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், பேருல 1998னு இருக்கும், ஆனா 2023 ஏப்ரல்லதான் விதிகளோட நடைமுறைக்கு வந்துச்சு, அதுவர நகராட்சிகளெல்லாம் வெள்ளக்காரன் காலத்து 1920ஆம் வருச சட்டத்துலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இனி முக்கியமான கேள்வி. அந்த எடம் நகராட்சிக்குச் சொந்தமா? இதக் கேக்காமலே வருசக்கணக்குல மனு குடுக்கிற ஆளுங்க இருக்காங்க. ஊருக்கு வெளிய போற நாலுவழிச்சாலை, அதாவது மதுரை கன்னியாகுமரி ரோடு, தேசிய நெடுஞ்சாலைக்காரங்களோடது. ஊருக்குள்ள பஸ் ஓடுற மெயின்ரோடு பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத்துறையோடது, அதுல குழி கெடந்தா நகராட்சிக்கு எழுதுன மனு “உரிய துறைக்கு அனுப்பப்பட்டது”ன்னு ஒரு வரியில முடிஞ்சிரும். தெருவும் சந்தும்தான் நகராட்சிக்கு. கரெண்டுக் கம்பம் மின்வாரியத்துக்கு, அதுல தொங்குற லைட்டு நகராட்சிக்கு, ஆக லைட்டு எரியலன்னா ஒரு ஆபீசு, கம்பம் சாஞ்சா வேற ஆபீசு.

நம்ம பக்கத்துக்குன்னே இன்னொரு சிக்கல் இருக்கு, கால்வாய். கல்லிடைக்குறிச்சி சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன், திருநெல்வேலி டவுனுக்குள்ள நெல்லைக் கால்வாய், பாளையங்கோட்டையில பாளையங்கால்வாய், எல்லாம் தாமிரபரணி தண்ணிய வயலுக்குக் கொண்டுபோக வெட்டுன பழைய கால்வாய்ங்க. ஊரு வளந்து இப்ப வீட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு. அதுக்குச் சொந்தக்காரங்க நீர்வளத்துறை, முன்னால பொதுப்பணித்துறைக்குள்ள இருந்தவங்க. தெருவுல நகராட்சி கட்டுற வாறுகால் கடைசில எங்கயாவது போய் விழணும்லா, பள்ளமான எடம் கால்வாய்தான்னு அதுல கொண்டு விட்டுருதாங்க, பிறகு கால்வாய் நாறுதுன்னு நகராட்சிய நீர்வளத்துறை சொல்லும், தூர்வாரலன்னு நீர்வளத்துறைய நகராட்சி சொல்லும். எங்க போய் முடியும்னு எழுதாம ஒரு வாறுகாலுக்கு எஸ்டிமேட் போடுறதே தப்புன்னு நான் சொல்லுவேன். தெருக் கூட்டத்துல கேக்க வேண்டிய மொதக் கேள்வியும் அதுதான், “தண்ணி கடைசில எங்க போகும்?”

சரி, எடம் நகராட்சியோடதுதான்னு வச்சுக்குவோம். மனு குடுத்தாச்சு, இல்ல ஏரியா சபைல சொல்லியாச்சு (வார்டுக்குள்ள சின்னச் சின்னப் பகுதியாப் பிரிச்சு மக்களக் கூப்பிட்டு வைக்குற கூட்டம், 2022 நவம்பர் 1ல மொத தடவையா நடத்துனாங்க, நம்ம ஆளுங்க பாதி பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது). இன்ஜினியரிங் செக்‌ஷன்ல இருந்து ஒருத்தர் வந்து டேப் புடிச்சு அளந்துட்டுப் போவாரு. போயி எஸ்டிமேட் போடுவாரு. பொதுப்பணித்துறை வருசா வருசம் ஷெட்யூல் ஆஃப் ரேட்னு ஒண்ணு வெளியிடும், ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு என்ன, மண்ணு தோண்ட என்ன, கொத்தனார் கூலி என்னன்னு, அத வச்சுத்தான் போடணும், தன் இஷ்டத்துக்குப் போட முடியாது.

அந்த எஸ்டிமேட்தான் கூட்டத்துக்குப் பொருளா வரும். கூட்டம் பொதுவா மாசத்துக்கு ஒரு தடவ. அஜெண்டா முன்கூட்டியே கவுன்சிலர் வீட்டுக்குப் போயிரும். அத ஒரு தடவ வாங்கிப் படிச்சுப் பாருங்க, பாதிக்கு மேல உப்புச்சப்பில்லாத சங்கதியாத்தான் இருக்கும். பிளீச்சிங் பவுடர் வாங்குனது, தெருவிளக்கு சாமான், குடிநீர் மோட்டார் ரீவைண்டிங், தூய்மைப் பணியாளர் ஒப்பந்தத்த நீட்டிக்குறது, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடம் குத்தகை, அந்த மாசத்துப் பிறப்பு இறப்புக் கணக்கு. பேப்பர்ல இதெல்லாம் வராது, வெளிநடப்பு செஞ்சது மட்டுந்தான் வரும். எனக்கு என்னவோ இந்த உப்புச்சப்பில்லாத பக்கம்தான் புடிக்கும், ஊரு எப்படி ஓடுதுன்னு அதுலதான் தெரியும். ஒரே போர்வெல் மோட்டாரு வருசத்துல மூணு தடவ ரீவைண்டிங்குக்கு வருதுன்னா ஒண்ணு அந்த ஏரியா வோல்டேஜப் பாக்கணும், இல்லன்னா பில்லப் பாக்கணும்.

ஒரு பொருள் எப்படி இருக்கும்னு மாதிரிக்கு நானே ஒண்ணு எழுதுதேன். “பொருள் எண் 14. 7ஆவது வார்டு கீழத்தெருவில் விடுபட்ட பகுதியில் கழிவுநீர் வடிகால் அமைக்கும் பணிக்கு ரூ.6.80 லட்சத்திற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. பொது நிதியிலிருந்து நிதி நிலைமைக்கேற்ப மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது.” கீழ “அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்”னு ஒரு வரி. அவ்வளவுதான். இதுல நாலு எடத்துல கண்ண வைக்கணும். ‘விடுபட்ட பகுதி’ன்னா எந்த வீட்டுல இருந்து எந்த வீடு வர? அது எஸ்டிமேட்லதான் இருக்கும், பொருள்ல இருக்காது, தெரு முக்குல நாலு வீட்ட விட்டுட்டாங்கன்னு பிறகு வர்ற சண்டையெல்லாம் இங்கதான் ஆரம்பிக்கும். ‘பொது நிதி’ன்னா நகராட்சி சொந்தக் காசு. ‘நிதி நிலைமைக்கேற்ப’ன்னா காசு வந்தா செய்வோம்னு அர்த்தம், இந்த ரெண்டு வார்த்த இருந்தா ஆல் பாஸ் ஆனாலும் அவசரப்பட்டு சந்தோசப்படாதீங்க. கடைசில ‘அனுமதிக்கு’ன்னு இருக்கா, ‘பார்வைக்கும் பதிவுக்கும்’னு இருக்கான்னு பாருங்க. பார்வைக்குன்னா சும்மா தகவல் சொல்லுதாங்க, முடிவெடுக்க ஒண்ணுமில்ல.

மூணாவதா ஒண்ணு இருக்கு, ‘பின்னேற்பு’. வேல ஏற்கனவே நடந்து முடிஞ்சிட்டு, இப்ப மன்றம் ஒத்துக்கிடணும்னு வைக்குறது. இது தப்புன்னு சொல்லிர முடியாது. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைய யாரும் மறக்கல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சு. அந்த நேரத்துல மோட்டார் வாடகைக்கு எடுக்கணும், சோறு பொங்கிப் போடணும், ஒடஞ்ச குடிதண்ணிக் கொழாயச் சரி பண்ணணும், அதுக்கெல்லாம் தேவையான அளவு கவுன்சிலர்களச் சேத்துக் கூட்டம் போட்டுத் தீர்மானம் போட்டுட்டு வாங்கன்னு சொல்ல முடியுமா? செஞ்சுட்டுப் பிறகு கணக்கு வைக்கட்டும். ஆனா சித்திரை வெயில்ல மண்ட பொளக்கும்போது ஒரு பேவர் பிளாக் வேலைக்கு ‘அவசர அவசியம் கருதி’ன்னு பின்னேற்பு வந்துச்சுன்னா, என்ன அவசரம்னு ஒரு கவுன்சிலராவது கேக்கணும்.

கூட்டத்துல என்ன நடக்கும்? வரிசையா பொருள் எண்ணு வாசிப்பாங்க, யாரும் எதுவும் சொல்லலன்னா ஆல் பாஸ், வட டீ வந்துரும். எதிர்ப்பு இருந்தா பேசலாம், ஓட்டெடுப்பு கேக்கலாம், சமமா வந்தா தலைவரு ஓட்டு. மைக்கப் புடிச்சு சத்தம் போடுறதவிட “என் ஆட்சேபணைய மினிட்ஸ்ல ஏத்துங்க”ன்னு, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்புல எழுதச் சொல்லி, அமைதியா சொல்லுற கவுன்சிலருக்குத்தான் நான் மார்க் போடுவேன். வெளிநடப்பு மறுநாள் பேப்பரோட போயிரும், மினிட்ஸ்ல ஏறுனது ஆடிட்காரன் வரும்போதும் அங்கனயே இருக்கும்.

பாஸ் ஆயிட்டு. இப்ப காசு. நகராட்சிக்கு ஒரே பை கெடையாது, பொது நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதின்னு தனித்தனி கணக்கு. சொந்த வருமானம்னா சொத்து வரி, தண்ணிக் கட்டணம், கடை வாடகை, குத்தகை. குற்றாலம் பேரூராட்சியப் பாத்தீங்கன்னா சாரல் சீசனுக்கு வர்ற கூட்டத்த நம்பித்தான் கடை ஏலம், வண்டி பார்க்கிங் ஏலமெல்லாம், சீசன் நல்லா இருந்தா ஏலம் சூடா போகும். மத்த ஊருக்கு அருவி இல்ல, சொத்து வரிதான் அருவி. வருசத்துக்கு ரெண்டு அரையாண்டு, ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, தொடங்குன 30 நாளுக்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா. இதுல நூலக வரின்னு ரூபாய்க்கு 10 பைசா வாங்குறாங்கல்லா, அது நகராட்சிக்கு இல்ல, நூலகத்துறைக்குப் போயிரணும்.

வெளிய இருந்து வர்றதுல பெருசு மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021ல இருந்து 2026 வரைக்கும் நம்ம மாதிரி ஊருகளுக்குக் குடுத்ததுல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்கணும்னு கட்டிப்போட்டது, மீதி 40 மட்டும் நம்ம விருப்பமா இருந்துச்சு. ஆக “காசு வந்துருக்காம்லா, தெருவுக்கு ரோடு போடலாம்லா”ன்னு கேட்டா எல்லாக் காசுலயும் போட முடியாது. நமக்கு நாமே திட்டம்னு ஒண்ணு இருக்கு, மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதி ரெண்டு பங்கு அரசு போடும். வெளியூரு, வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளுங்க சேந்தா பள்ளிக்கூடக் கட்டடம், பூங்கா, தெருவுன்னு இதுல செஞ்சு வாங்கலாம். எங்க ஏரியாவுல கோயில் கொடைக்கு வசூலாகுறதுல பாதி வந்தாக்கூட ஒரு வாறுகாலுக்குப் போதும், ஆனா வாறுகாலுக்கு யாரு வரி குடுப்பா, சரி அத விடுங்க.

காசு இருக்குன்னு ஆயிட்டா நிர்வாக அனுமதி, அப்புறம் தொழில்நுட்ப அனுமதி. ரெண்டும் வேற வேற. செய்யலாம்னு சொல்லுறது நிர்வாக அனுமதி, எஸ்டிமேட் போட்ட விதம் சரின்னு இன்ஜினியர் சொல்லுறது தொழில்நுட்ப அனுமதி. தொகை கூடக் கூட ஃபைலு மேல போகும், நகராட்சி இன்ஜினியரத் தாண்டி மண்டல அளவுக்கு. ‘ஃபைலு மேல இருக்கு’ங்குற பதிலு பாதி நேரம் உண்மைதான், எந்த மேல, எந்தத் தேதில போச்சுன்னு அடுத்த கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்.

பிறகு டெண்டர். இதுக்கு 1998லயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம்னு ஒண்ணு தமிழ்நாட்டுல போட்டாச்சு, 2000ல விதிகள். 2 கோடி வரைக்கும் உள்ள வேலைக்குக் கொறஞ்சது 15 நாளும், அதுக்கு மேல 30 நாளும் டைம் குடுக்கணும். டெண்டர் போடுறவங்க முன்பணம் கட்டணும். தகுதியானவங்கள்ல யாரு தொகை கொறச்சலோ அவங்களுக்குத்தான், பேரம் பேசுறதும் அந்த ஒருத்தர்கிட்ட மட்டுந்தான், ரெண்டாவது வந்தவரக் கூப்பிட்டு “நீரு கொஞ்சம் கொறையும்வே”ன்னு சொல்லக் கூடாது. நகராட்சில இத முடிவு பண்ண ஒப்பந்தக் குழுன்னு ஒண்ணு உண்டு. காண்ட்ராக்டர் எஸ்டிமேட்டுக்குக் கீழ கேட்டா ‘லெஸ்’, மேல கேட்டா ‘எக்ஸஸ்’னு சொல்லுவாங்க. ரொம்ப லெஸ்ல எடுத்தா கூடுதலா டெபாசிட் கேப்பாங்க, ஏன்னா அந்தத் தொகைக்கு ஒழுங்கா வேல செய்ய முடியுமாங்குற பயம். நடுவுல எலெக்‌ஷன் அறிவிச்சிட்டா போச்சு, நடத்தை விதி வந்துரும், புது வேல ஆரம்பிக்க முடியாது, நம்ம வாறுகால் ரிசல்ட் வர வரைக்கும் தூங்கும்.

வொர்க் ஆர்டர் குடுத்து வேல ஆரம்பிச்சிட்டு. இதுக்கு அப்புறம் நடக்குறதுதான் எனக்குப் பெரிய விஷயமாத் தோணும், ஆனா இந்த நேரத்துல தெருக்காரங்க எல்லாரும் ஓஞ்சு போயிருவாங்க, “எப்படியோ வேல நடந்தாச் சரி”ன்னு. எம்-புக்னு ஒரு நோட்டு இருக்கு, அளவு எழுதுற புத்தகம். காண்ட்ராக்டருக்குப் பில்லு அதுல எழுதுன அளவுக்குத்தான், எஸ்டிமேட்ல எழுதுன அளவுக்கு இல்ல. இன்ஜினியர் வந்து அளந்து நீளம், அகலம், கனம்னு எழுதணும், மேல உள்ளவரு செக் பண்ணணும்.

ஒரு கணக்குப் பாருங்க. 80 மீட்டர் வாறுகால். அடியில படுக்கைக் கான்கிரீட் 90 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம்னு எஸ்டிமேட்ல இருக்குன்னு வைங்க. 80ஐ 0.9ஆலயும் 0.1ஆலயும் பெருக்குனா 7.2 கன மீட்டர். அதே படுக்கைய ஏழரை சென்டிமீட்டர் கனத்துல போட்டா 5.4தான் வரும், நாலுல ஒரு பங்கு காணாமப் போயிட்டு. ரெண்டு பக்கமும் சுவரு எழும்பிட்டா இந்தப் படுக்கை எவ்வளவு கனம்னு ஒடச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஆக நீங்க நின்னு பாக்க வேண்டிய நாள் திறப்பு விழா அன்னைக்கு இல்ல, கொத்தனாரும் சித்தாளும் குழிக்குள்ள நின்னு படுக்கை போடுற அன்னைக்கு. பக்கவாட்டுல ஒரு ஸ்கேல வச்சாலே போதும். அன்னைக்கே டியூப் லெவல் (தண்ணி நெரப்புன டியூப்) புடிச்சு வாட்டம் பாக்காங்களான்னும் பாருங்க, தண்ணி ஓட வேண்டிய பக்கம் சரிவா இருக்கணும். வாட்டம் தப்பிட்டுன்னா எவ்வளவு ஸ்ட்ராங்காக் கட்டுனாலும் அது வாறுகால் இல்ல, நீளமான தொட்டி, கொசுவுக்குத்தான் குடியிருப்பு. நம்ம பக்கம் பாதித் தெருவுல அதான் கெடக்கு. சுவரு போட்ட பிறகு சென்ட்ரிங் பலகையப் பிரிச்சு தண்ணி ஊத்தாம வெயில்ல விட்டுட்டுப் போறதும் உண்டு, அதக் கண்டா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, தேதியோட. பெரிய வேலைன்னா கான்கிரீட்ட 15 சென்டிமீட்டர் கட்டையா வார்த்து 7 நாள், 28 நாள் கழிச்சு நசுக்கிப் பாத்த ரிப்போர்ட்டு ஃபைல்ல இருக்கணும்.

கவுன்சிலரே காண்ட்ராக்ட் எடுக்க முடியுமான்னு சில பேரு கேப்பாங்க. முடியாது, தன் நகராட்சி ஒப்பந்தத்துல பங்கு இருந்தா பதவியே போயிரும். மச்சான் பேர்லன்னு நீங்க மனசுக்குள்ள சொல்லுறது கேக்கு, அதுக்குத்தான் காகிதத்தக் கையில வாங்கிட்டுப் பேசணும்னு சொல்லுதேன்.

காகிதம் வாங்குறது கஷ்டமே இல்ல. தகவல் உரிமைச் சட்ட மனுல 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும், காப்பிக்குப் பக்கத்துக்கு 2 ரூபா. “ஏன் வேல நடக்கல”ன்னு எழுதாதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா அதுக்கு இந்தச் சட்டத்துல பதில் வராது. தீர்மான எண்ணும் தேதியும் போட்டு, அந்த வேலையோட எஸ்டிமேட் நகல், தொழில்நுட்ப அனுமதி நகல், வொர்க் ஆர்டர் நகல், எம்-புக் பக்கம், இதுவரைக்கும் குடுத்த பில் தொகைன்னு ஆவணமா கேளுங்க. எந்த நகல் வரலியோ ஃபைலு அங்கதான் படுத்திருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குடுக்குற மனுவும் குடுக்கலாம்தான், ஆனா கொக்கிரகுளத்துல, அதாவது நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல, குடுத்த மனு சுத்திக் கடைசில அதே நகராட்சி மேசைக்குத்தான் வரும், அப்ப கையில இந்த நகல் இருந்தா மனுவுக்கு எலும்பு இருக்கும்.

இன்னொன்னு. ஃபைனல் பில் குடுத்த பிறகும் காண்ட்ராக்டர் பணத்துல கொஞ்சத்த நகராட்சி புடிச்சு வச்சிருக்கும், குறிப்பிட்ட காலத்துக்குள்ள ஒடஞ்சா வெடிச்சா அவரே சொந்தச் செலவுல சரி பண்ணணும். அந்தக் காலம் எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல இருக்கும், அந்தப் பக்கத்தையும் சேத்துக் கேட்டு வாங்கிருங்க. ஐப்பசி கார்த்திகை மழை ஒண்ணு அந்தக் காலத்துக்குள்ள வந்துச்சுன்னா ரொம்ப நல்லது, தண்ணி எங்க தேங்குதுன்னு அன்னைக்கே ஒரு வீடியோ எடுத்து, டெபாசிட்டத் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னால கமிஷனருக்கு எழுத்துல குடுத்து அத்தாட்சி வாங்கிக்கோங்க.